ஹார்ன் அடிக்காத ரங்கேல்

முதலில் கரடியை மாட்டுகிறார். முந்தைய நாள் மாலையிலிருந்து கண்ணாடிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும் துணி நாரையைக் கொக்கியிலிருந்து எடுத்து, அதன் நீண்ட கால்களை மடித்து, சட்டைப் பைக்குள் செருகிக்கொள்கிறார். அந்த இடத்துக்குப் பழுப்புப் பொம்மைக் கரடி வருகிறது. கரடிக்கு ஒரு காது இல்லை. போன குளிர்காலத்தில் பல் முளைக்கும் வேதனையில் யாரோ கடித்துத் துப்பிவிட்டார்கள். அதன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி, "ம்... இனிமே நமக்கு வாய் கெடையாது" என்று தாய்மொழியில் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ரங்கேல் சாவியைத் திருப்புகிறார்.

கரடி தொங்கினால் பேருந்துக்குள் ஜெர்மன். நாரை தொங்கினால் பல்கேரியன். காலையில் பள்ளிக்குப் போகும்போது கரடி, மாலையில் வீட்டுக்குத் திரும்பும்போது நாரை. பல்கேரியத் தலைநகர் சோபியாவில், விதோஷா மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஜெர்மன் பள்ளியின் சட்டம் அது. மீறியவர் எழுந்து நின்று பாட வேண்டும். ஓட்டுநருக்கும் விலக்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரங்கேல் தினமும் பாடினார். அவருக்கு முழுதாகத் தெரிந்தது ஒரே ஒரு கல்யாணப் பாட்டு. வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, மாப்பிள்ளை மாமனார் வீட்டுக் கதவைத் தட்டும் இடம்வரை பாடிவிட்டுத்தான் மறுபடி கியர் போடுவார். அந்த ஆண்டு பள்ளிக்கு வந்த ஜெர்மன் பொறியாளர்களின் பிள்ளைகளுக்குப் பல்கேரியனில் வணக்கம் சொல்லத் தெரிவதற்கு முன்பே அந்தக் கல்யாணப் பாட்டு தெரிந்திருந்தது.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். வயிறு பெரியது, கால்கள் மெலிந்தவை. தூரத்திலிருந்து பார்த்தால் அந்த நாரைக்கு அண்ணன் மாதிரி இருப்பார். சாம்பல் நிறக் கம்பளிக் கையில்லாச் சட்டை ஒன்று கோடையின் விளிம்புவரை உடம்பை விட்டு இறங்காது. மனைவி நெவேனா பின்னியது. அதில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். அறுந்த பொத்தானுக்குப் பதில் அவரே தைத்தது. மீசையைச் சீவும் சீப்பால்தான் கரடியையும் சீவுவார். சூரியகாந்தி விதையைக் கொறிப்பார், ஆனால் வண்டிக்குள் ஒரு தோல் விழக்கூடாது; இறங்கி நின்று, மரத்தடியில் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ஏறுவார்.

ஹார்ன் மட்டும் அடிக்க மாட்டார். சோபியாவின் காலை நெரிசலில் முன்னாலும் பின்னாலும் எல்லோரும் அலறிக்கொண்டிருப்பார்கள். ரங்கேல் தொப்பியை லேசாக உயர்த்தி அவர்களுக்கு மரியாதை செய்வார். "ஹார்ன் அடிக்கிறவனுக்கு ஓட்டத் தெரியலைன்னு அர்த்தம் தம்பி. மாடு கத்துனா நாம வழி விடுவோம். மனுஷன் கத்துனா எதுக்கு விடணும்?"

தம்பி என்று அவர் சொல்வது என்னை. அந்தத் தடத்தில் பிள்ளைகளுக்குத் துணையாகப் போகும் ஆசிரியன் நான். டான்யூப் கரைக் கிராமத்திலிருந்து வந்து, எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவன். அதுவும் ஜெர்மன் மொழியில். என் அப்பா இதை ஊர் மதுக்கடையில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரங்கேலிடம் நான் ஒரே ஒரு முறைதான் சொன்னேன். அன்றிலிருந்து காலையில் நான் ஏறும்போதெல்லாம், "வழி விடுங்கப்பா, பட்டம் வருது" என்பார்.

பிள்ளைகள் ஏறும்போது ஒவ்வொருவரும் அவருக்குக் கை கொடுக்க வேண்டும். கை கொடுக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டும். ஜெர்மன் பழக்கம். காலையில் எல்லோருக்கும் அவர் வெறும் ரங்கேல். "ரங்கேல், என் ஷூ ஈரம்!" "ரங்கேல், அவன் என் ஆப்பிளக் கடிச்சிட்டான்!" மாலையில் நாரை தொங்கியதும் அதே வாய்கள் ரங்கேல் மாமா என்கின்றன. எது பிடிக்கும் என்று ஒரு நாள் கேட்டேன். யோசித்தார். "காலையில நான் அவங்க கூட்டாளி. சாயங்காலம் பெரிய மனுஷன். காலை நேரம்தான் சுகம்" என்றார்.

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வரும் எந்தக் குழந்தைக்கும் முதலில் கற்றுத்தரும் வாக்கியம் பெயரும் அல்ல, வயதும் அல்ல. "என்னையும் ஆட்டத்துல சேத்துக்கிறீங்களா?" என்பதுதான் அது. ஜெர்மன் குழந்தைக்குப் பல்கேரியனில், பல்கேரியக் குழந்தைக்கு ஜெர்மனில். தூதரகத்தில், கார் ஆலையில், வங்கியில் வேலை பார்க்கும் அப்பா அம்மாக்களோடு நாடு நாடாக மாறும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும், முதல் வாரத்தைத் தாண்டிவிடலாம். பேருந்தில் அதற்கு ஒரு பதில் வழக்கமும் உண்டு. சேர்த்துக்கொள்வதானால் பக்கத்து இருக்கையில் இருக்கும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பை மடிக்குப் போய்விட்டால் இடம் உன்னுடையது.

ரங்கேல் முதல் நாள் வண்டியில் ஏறியபோது அவருக்கு ஜெர்மனில் ஒரு சொல்லும் தெரியாது. புதுப் பிள்ளைகளோடு சேர்த்து அவருக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். படியில் நின்று, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வண்டி முழுவதையும் பார்த்துச் சொன்னாராம். பிறகு வண்டியிலிருந்த பைகளெல்லாம் மடிக்கு ஏறினவாம். "அத்தன சீட்டு காலியாச்சு தம்பி, எனக்கு. எங்க உக்கார்றதுன்னு தெரியாம டிரைவர் சீட்லயே உக்காந்துட்டேன்" என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அதன்பிறகு அவர் பேசும் ஜெர்மன் முழுக்கப் பிள்ளைகளிடம் பிடித்தது. ஏழு வயது ஜெர்மன். அதில் புகார் உண்டு, கெஞ்சல் உண்டு, பேரம் உண்டு. வானிலையும் அரசியலும் கிடையாது. பள்ளிப் பேருந்துகளைச் சோதிக்க ஒரு ஜெர்மன் பொறியாளர் வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்காரப் போனபோது, ரங்கேல் அவர் கையைப் பிடித்து, "இது என் எடம். நான்தான் மொதல்ல சொன்னேன்" என்றார். மழை நாளில் குடையில்லாமல் இறங்கிய எங்கள் தலைமை ஆசிரியரிடம், "தலை நனையுது பாரு. ஜலதோஷம் புடிச்சா அம்மா திட்டுவாங்க" என்றார். தலைமை ஆசிரியருக்கு அறுபது வயது. அவர் திரும்பிவந்து குடையை எடுத்துக்கொண்டு போனார்.

பிள்ளைகளிடமிருந்து இவ்வளவு ஆசையாக மொழியைப் பொறுக்கியதற்குக் காரணம் இருந்தது. நெவேனா வேலை பார்த்த தையல் ஆலை மூடியபிறகு அவர் ஜெர்மனியில் உள்ள உல்ம் நகரத்துக்குப் போனார். அங்கே கெஸ்லர் என்ற முதியவரின் வீட்டிலேயே தங்கி, அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு குளிர்காலம் மட்டும் என்று போனவர்தான். இப்போது கோடையில் சில வாரம், ஈஸ்டருக்குச் சில நாள் வருகிறார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. "அவ ஜெர்மன்காரங்க அப்பன்களப் பாத்துக்கிறா, நான் அவங்க புள்ளைங்களப் பாத்துக்கிறேன். எங்க ரெண்டு பேரப் பாத்துக்கத்தான் ஆளில்ல" என்று ஒரு நாள் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தபடி சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போய்விட்டார்.

மதியம் கெஸ்லர் தூங்கும் நேரம்தான் நெவேனாவின் ஓய்வு. அப்போது ரங்கேல் பள்ளிக்குப் பின்னால் வாதுமை மரத்தடியில் வண்டியை நிறுத்தி, கைப்பேசியைத் திசைமாற்றிச் சக்கரத்தில் சாய்த்து வைத்துப் பேசுவார். பெரிய பேச்சு எதுவும் இராது. என்ன சமைத்தாய், முதுகு வலி எப்படி, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதா. சில நாள் இருவரும் ஒன்றுமே பேசுவதில்லை. ரங்கேல் பாலாடைக்கட்டி அடைத்த பனிட்சா ரொட்டியைப் பிய்த்துத் தின்பார். நெவேனா அங்கே துணி மடிப்பார். கெஸ்லர் இருமும் சத்தம் கேட்டதும், "எழுந்துட்டாரு" என்பார் நெவேனா. திரை அணைந்துவிடும். ரங்கேல் விரலில் ஒட்டிய பாலாடைக்கட்டியை நக்கிவிட்டு, வாதுமை மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

இலையுதிர்காலத்தில் அவருடைய பால்கனியிலிருந்து குடமிளகாய் சுடும் வாசனை தெரு முனைவரை வரும். தோலுரித்து, தக்காளியோடு அரைத்து, கிளறிக் கிளறித் தொக்கு வைத்து, புட்டிகளில் அடைத்து, ஜெர்மனி போகும் தொலைதூரப் பேருந்தின் ஓட்டுநர்களிடம் கொடுத்தனுப்புவார். ஒரு முறை அவரோடு நானும் அந்த நிலையத்துக்குப் போனேன். அவரைக் கண்டதும் ஒரு ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து கத்தினார்: "வந்துட்டாருய்யா மாப்பிள்ள! தொக்கு போன வருஷமும் போச்சு, இந்த வருஷமும் போகுது. நீ எப்பய்யா போவ?"

"தொக்குக்கு அங்க வேலை இருக்கு. எனக்கு இருக்கா?" என்றார் ரங்கேல்.

"பொண்டாட்டி வீட்ல உக்காந்து தின்னு."

"உன் மாமியார் வீட்ல நீ திங்கிற மாதிரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். புட்டிகளைத் துணி சுற்றி அடுக்கிவிட்டு, அந்தப் பேருந்து, நிலையத்தை விட்டு வெளியேறித் திரும்பும்வரை நின்று பார்த்தார் ரங்கேல். அது போகும் பாதை முழுவதும் அவருக்கு மனப்பாடம். எந்த எல்லையில் எவ்வளவு நேரம் நிற்கும், எங்கே காபி நன்றாக இருக்கும் என்றெல்லாம் சொல்வார். ஒரு முறைகூடப் போனதில்லை.

எங்கள் பள்ளியில் எப்போதும் யாராவது போய்க்கொண்டேயிருப்பார்கள். அப்பாவுக்கு மாற்றல் வந்துவிடும். அடுத்த நாடு, அடுத்த பள்ளி, அடுத்த மொழி. போகும் பிள்ளைக்கு ரங்கேல் தரும் பரிசு ஒன்று உண்டு. கடைசி நாள் காலையில் பள்ளி வாசலில் எல்லோரும் இறங்கியபிறகு, அந்தப் பிள்ளையைத் தூக்கித் தன் இருக்கையில் உட்கார வைப்பார். ஒரே ஒரு முறை ஹார்ன் அடிக்கலாம். எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும். ரங்கேலின் ஹார்ன் ஒலிப்பது அதற்கு மட்டும்தான். சத்தம் கேட்டதும் ஆசிரியர் அறையில் எல்லோரும் தலை நிமிர்வோம். "யாரு போறா?" என்று யாராவது கேட்பார்கள். அதோடு ஒரு பெயர் குறையும்.

போன குளிர்காலத்தில் உல்மில் ஒரு பேருந்து நிறுவனத்துக்கு ஓட்டுநர்கள் தேவைப்படுவதாகத் தொலைதூர ஓட்டுநர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். உரிமம் செல்லும், அனுபவம் போதும், மொழி தெரிய வேண்டும். கணினித் திரையில் பார்த்துப் பேசித் தேர்வு செய்வார்களாம். ரங்கேல் யாரிடமும் சொல்லாமல் பெயர் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை பிள்ளைகளிடம் சொன்னார். அதிலும் குறிப்பாக ஃப்ரீடாவிடம். ஃப்ரீடாவுக்கு ஏழு வயது, கார் ஆலைப் பொறியாளரின் மகள், ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்பவள், இரக்கமில்லாத ஆசிரியை. தினமும் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பயிற்சி நடந்தது.

"நான்தான் அந்த ஆபீசர். வணக்கம். நீ யாரு?"

"நான் ரங்கேல்."

"ஏன் வந்த?"

"பஸ் ஓட்ட."

"நல்லா ஓட்டுவியா?"

"ஓட்டுவேன். நான் யாரையும் இடிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"இவ்ளோதான். வேலை கெடச்சிருச்சு. விளக்கு பச்சை, போ."

இது போதாது என்று எனக்குப் பட்டது. படித்த படிப்புக்கு ஒரு உபயோகம் வந்ததே என்ற உற்சாகத்தில், பெரியவர்கள் பேசும் ஜெர்மனில் நாலு வாக்கியம் அவருக்குத் தயாரித்துக் கொடுத்தேன். தொழிலில் மேலும் வளர விரும்புகிறேன், பொறுப்புணர்ச்சி என் இயல்பு என்ற மாதிரியானவை. அழகான வாக்கியங்கள், இப்போது நினைத்தாலும் குறை சொல்ல முடியாது. ரங்கேல் அவற்றைப் பல் கட்டியவர்போல் மென்று பார்த்தார். "தம்பி, இது நல்ல கோட்டு. ஆனா தோள் எனக்குப் பத்தல."

தேர்வு பள்ளியின் இசை அறையில், மதிய நேரத்தில் நடந்தது. திரையில் ஹேபர்லே என்ற அம்மாள், மூக்குக் கண்ணாடியும் கழுத்துத் துணியுமாக. நான் திரைக்குத் தெரியாமல் பியானோவின் பக்கம் நின்றேன். ரங்கேல் மீசையைச் சீவி, கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். சட்டைப் பையிலிருந்து கரடி எட்டிப் பார்த்தது.

"எத்தன வருஷமா பஸ் ஓட்டுறீங்க?" என்றார் ஹேபர்லே.

"ரொம்ப ரொம்ப வருஷமா. நான் பெரியவனா ஆனதுலேர்ந்து."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "வண்டிக்குள்ள ரெண்டு பேர் சண்டை போட்டா?"

"வண்டிய நிறுத்துவேன். யாரு மொதல்ல ஆரம்பிச்சதுன்னு கேப்பேன். ரெண்டு பேரையும் தள்ளித் தள்ளி உக்கார வெப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக் கை குடுக்கணும். இல்லன்னா வண்டி போகாது."

"எங்க ஊர்ல பனி அதிகம். பனியில ஓட்டிப் பழக்கமா?"

"பனின்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும்!"

ஹேபர்லே உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. பிறகு கடைசிக் கேள்வி. எங்கள் நிறுவனத்தில் சேர ஏன் விரும்புகிறீர்கள்? என் நாலு வாக்கியங்களும் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தன. ரங்கேல் வாயைத் திறந்தார். பியானோவின் பக்கம் என்னைப் பார்த்தார். பிறகு கரடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, திரையைப் பார்த்துச் சொன்னார்:

"என்னையும் ஆட்டத்துல சேத்துக்கிறீங்களா?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இங்க உங்களுக்கு யாரு இருக்காங்க?" என்றார்.

"நெவேனா. என் பொண்டாட்டி. அவ ஒரு தாத்தாவ தினமும் பாத்துக்கிறா. நான் அவளப் பாக்குறதே இல்ல."

ஒரு வாரத்தில் தொலைபேசி வந்தது. சேர்த்துக்கொண்டார்கள். ஜூனில் வர வேண்டும். மொழி வகுப்பை நிறுவனமே நடத்தும். ஈஸ்டர் விடுமுறை முடிந்த முதல் வேலைநாளில் ஹேபர்லேவிடம் முடிவைச் சொன்னால் போதும். ரங்கேல் வாதுமை மரத்தடிக்கு ஓடினார். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

திரையில் நெவேனா துணி மடித்துக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் மடிப்பதை நிறுத்தினார். "ஜெர்மன்ல எதாவது பேசு" என்றார். ரங்கேல் பேசினார். தேர்வில் சொன்னதையெல்லாம் பெருமையோடு ஒன்றுவிடாமல் சொன்னார். நெவேனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது சிரிப்பாக இல்லை.

"வேண்டாம் ரங்கேல்" என்றார் கடைசியில்.

"ஏன்?"

"இங்க உன்ன யாரும் அண்ணேன்னு கூப்பிட மாட்டான். கடையில கத்தரிக்காய விரலால காட்டி, இது, இதுன்னு நிப்ப. பின்னால நிக்கிறவன் பெருமூச்சு விடுவான். ஆபீஸ்ல ஒரு பொண்ணு செவிடனுக்குச் சொல்ற மாதிரி கத்திச் சொல்லும். எனக்கு எல்லாம் நடந்துச்சு, போகட்டும். உனக்கு நடக்குறத என்னால பாக்க முடியாது. அங்க நீ ராஜா. அங்கயே இரு."

"ராஜா தனியா தொக்கு கிளறிக்கிட்டு இருக்கான்."

"நானே வந்துடுறேன். இந்தக் குளிருக்கு அப்புறம்."

"எந்தக் குளிருக்கு அப்புறம்?"

அதற்குள் கெஸ்லர் இருமினார். "எழுந்துட்டாரு" என்றார் நெவேனா. உண்மையிலேயே இருமினாரா என்று ரங்கேல் என்னிடம் கேட்டார். கேட்டது என்றேன். எனக்கும் நிச்சயமில்லை.

ஈஸ்டருக்கு நெவேனா வந்தார். கட்டையான, வேகமாக நடக்கும் பெண்மணி. கைகள் சோப்பில் வெளுத்திருந்தன. முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினார், ஜன்னல்களைக் கழுவினார், கம்பளிச் சட்டையில் வேறு நிறப் பொத்தானைக் கண்டு திட்டினார். ஆனால் அதை மாற்றவில்லை. விடுமுறையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது முட்டையோடு முட்டை மோதி விளையாடினோம். எந்த முட்டை உடையாமல் நிற்கிறதோ அதற்கு உரியவருக்கு அந்த ஆண்டு நினைத்தது நடக்கும் என்பார்கள். ரங்கேலின் முட்டை என்னுடையதை உடைத்தது. நெவேனா தன் முட்டையை மோத நீட்டவே இல்லை, உரித்துத் தின்றுவிட்டார். உல்ம் வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. ரங்கேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

விடுமுறை முடிந்த முதல் நாள்தான் நெவேனாவின் விமானமும். ஹேபர்லேவுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளும் அதுவே. பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்படியே விமான நிலையத்துக்கு அழைத்துப்போகத் தலைமை ஆசிரியர் அனுமதி கொடுத்திருந்தார். நெவேனா ஓட்டுநருக்கு எதிர்ப்பக்க முதல் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். தடித்த கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தார். கரடி தொங்கியது.

ஃப்ரீடா ஏறினாள். ரங்கேலுக்குக் கை கொடுத்தாள். நெவேனாவைப் பார்த்தாள். தன் இடத்தில் உட்கார்ந்து, நடைவழிக்கு அப்பாலிருந்து விசாரணையைத் தொடங்கினாள்.

"நீதான் நெவேனாவா?"

"ஆமா." நெவேனாவின் ஜெர்மன் சரளமானது, உல்ம் வாடை அடித்தது.

"இவரு உன்னப் பத்தியே பேசுவாரு."

"என்னன்னு?"

"நீ பீன்ஸ் சூப்பு நல்லா வெப்பன்னு. அப்புறம் நீ இல்லன்னு."

ரங்கேல் கண்ணாடியைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. வண்டி பனிட்சாக் கடை முனையில் திரும்பியது. விதோஷாவின் உச்சியில் இன்னும் பனி மிச்சமிருந்தது.

"இவரு அங்க வரக்கூடாதா?" என்றாள் ஃப்ரீடா.

நெவேனா சொன்னார்: "இவரு பேசுறதப் பாத்து அங்க எல்லாரும் சிரிப்பாங்க கண்ணு."

ஃப்ரீடா அதை யோசித்தாள். "இங்கயும்தான் சிரிச்சோம்" என்றாள். "எனக்கும் பல்கேரியன் வராது, என்னப் பாத்தும் சிரிச்சாங்க. அப்புறம் நிறுத்திட்டாங்க."

"யாரு நிறுத்துனது?"

"யாரும் நிறுத்தல. தானா நின்னுடுச்சு."

பின்வரிசையில் யாரோ ஒரு பையன் பல்கேரியனில் ஏதோ சொல்லி மாட்டிக்கொண்டான். "பாட்டு! பாட்டு!" என்று வண்டி அதிர்ந்தது. அந்தப் பையன் எழுந்து நின்று ரங்கேலின் கல்யாணப் பாட்டைப் பாடினான், தப்பும் தவறுமாக. மாப்பிள்ளை கதவைத் தட்டும் இடத்தில் எல்லோரும் முன்னிருக்கையின் முதுகைத் தட்டினார்கள். நெவேனா திரும்பி அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அது அவர்கள் கல்யாணத்தில் பாடியது என்று ரங்கேல் பிறகொரு நாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பள்ளி வாசலில் பிள்ளைகள் இறங்கினார்கள். எல்லோரும் ரங்கேலுக்குக் கை கொடுத்தார்கள். பழக்கதோஷத்தில் நெவேனாவுக்கும் கொடுத்தார்கள். வண்டி காலியானது. நான் படியில் கால் வைத்தபோது ரங்கேலின் குரல் கேட்டது. அவர் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினார். கரடி இன்னும் தொங்கிக்கொண்டிருந்ததால், ஜெர்மனில்.

"நெவேனா. என்னையும் ஆட்டத்துல சேத்துக்கிறியா?"

நான் இறங்கிவிட்டேன். கதவு மூடியது. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு முன்வாசல் படியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். வண்டி கிளம்பவில்லை. ஜன்னலுக்குள் நெவேனா குனிந்து தன் வெளுத்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தடித்த கைப்பையைக் காதைப் பிடித்துத் தூக்கினார். மடியில் வைத்துக்கொண்டார்.

வண்டி மெதுவாக வளைந்து வெளிவாசலை நோக்கித் திரும்பியது. நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்து கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டது. நீளமாக, ஒரே ஒரு ஹார்ன். மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன.

"யாரு போறா?" என்றார் தலைமை ஆசிரியர்.

ஜன்னலுக்கு ஓடினேன். வெளிவாசலில் நின்ற வண்டியில், ஓட்டுநர் இருக்கையில் எந்தக் குழந்தையும் இல்லை. ரங்கேல்தான் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, மறு உள்ளங்கையை முழுதாக ஹார்ன்மேல் ஊன்றியிருந்தார்.